பிளேஸ்டோவில் ஒரு பசு

லண்டன் சட்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பீட்டருக்கு எண்பத்தாறு வயது. மனைவி இறந்துவிட்டார். தனியாக இருக்கிறார். ஐந்து வருடங்களாக எனக்கும் அவருக்கும் இருந்த பழக்கம் குப்பைத் தொட்டிகளைப் பற்றியது மட்டுமே. இந்த வாரம் பச்சைத் தொட்டியா, பழுப்புத் தொட்டியா என்று வேலிக்கு மேலால் கேட்பார். நான் சொல்லுவேன். நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஒரு நாள் பின் தோட்டத்தில் நின்று தொலைபேசியில் பிரெஞ்சு மொழியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். லண்டனுக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் பிரான்சில், பரிஸ் நகரில் இருந்தவள் நான். அங்கிருந்த ஓர் அலுவலகத்தில் என் பெயரை மூன்று விதமாக எழுதி வைத்திருந்தார்கள். தமிழில் எனக்குச் சண்டை பிடிக்க வராது. பிரெஞ்சில் நன்றாக வரும். அந்த மொழியை நான் படித்ததே அலுவலக வரிசைகளில் நின்றுதான். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் வேலிக்கு மேலால் பீட்டரின் தலை தெரிந்தது.

"உங்களுக்குப் பிரெஞ்சு வாசிக்கவும் தெரியுமா?" என்று கேட்டார்.

அன்று பின்னேரமே ஒரு பழைய கன்வஸ் பையோடு வந்தார். அது அவருடைய அப்பா ஹரோல்ட் வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோன பை. ஹரோல்ட் லண்டனின் கிழக்கே பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டே அறைகளில் குடும்பம் நடத்தியவர். எரிவாயுத் தொழிற்சாலையில் வேலை. பைக்குள் முப்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் இருந்தன. எல்லாம் பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒகுஸ்த் என்ற ஒருவர் எழுதியவை. பீட்டர் அவற்றை ஐம்பது வருடங்களாக வைத்திருந்தார். ஒருவரிடமும் காட்டவில்லை.

கடிதங்களிலிருந்து தெரிந்த கதை இதுதான். முதலாம் உலகப் போர் முடிந்த நேரம் ஹரோல்டும் ஒகுஸ்தும் ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். ஒகுஸ்துக்கு இடது கை தோளோடு போய்விட்டது. ஹரோல்டுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆனால் பேச்சு நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் சத்தம் வராது. ஒகுஸ்தோ வாயை மூடாத ஆள். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோது ஹரோல்ட் லண்டனுக்குப் போகவில்லை. ஒகுஸ்தின் பண்ணைக்குப் போனார். எட்டு வருடம் அங்கேயே இருந்தார். ஒருவருக்குக் கை, மற்றவருக்கு வாய். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு விவசாயி. பேச்சுத் திரும்பி வந்தது. வந்தது பிரெஞ்சில்.

பிறகு லண்டனில் ஹரோல்டின் தாய் படுக்கையில் விழுந்தார். ஒரு மாதத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் புறப்பட்ட ஹரோல்ட் திரும்பவே இல்லை. தாயைப் பார்க்க வேண்டியிருந்தது, வேலைக்குப் போக வேண்டியிருந்தது, நாட்கள் ஓடிவிட்டன. கடிதங்கள் மட்டும் போய்வந்தன, அடுத்த போர் வரும்வரைக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பீட்டருக்குக் கடிதங்களை வாசித்தேன். நவம்பரில் ஊரே ஒரு வீட்டில் கூடி வால்நட் உடைத்து எண்ணெய்க்கு அனுப்பியது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பொது அடுப்பில் கோதுமைப் பாண் சுட்டது, புதிய மரச் சப்பாத்துக் காலைக் கடித்தது, கோதுமைக் கதிரைச் சூடடிக்கும் இயந்திரம் பண்ணை பண்ணையாக வந்தபோது கடைசி நாளில் முப்பது பேர் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டது. எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி முடியும்: "மாடுகள் நலம். ரூஸெட் உன்னைக் கேட்கிறாள்." ரூஸெட் ஒரு பசு.

கடைசிக் கடிதத்தை வாசித்து முடித்த அன்று பீட்டர் தேநீரைக் குடிக்காமல் இருந்தார்.

"எனக்கு ஏழு வயதிருக்கும்," என்றார். "ஒகுஸ்த் இறந்துவிட்டார் என்று அவருடைய மனைவி எழுதிய கடிதம் வந்தது. அப்பா அதைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்து வாசித்தார். அவர் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். அன்று என்னிடம் சொன்னார்: எனக்கு ஒரு நண்பன் இருந்தான். அவனுக்கு ஒரு கை. நான் அவனை விட்டுவிட்டு வந்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "சுகந்தி, நீங்கள் எல்லாக் கடிதங்களையும் வாசித்தீர்கள். அப்பா லண்டனுக்கு வந்த பிறகு ஒகுஸ்த் ஒரு கையால் எப்படிப் பால் கறந்தார் என்று எதிலாவது இருக்கிறதா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வரி கூட இல்லை.

அந்த ஊர்ச் சபைக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்த பெண், ஒகுஸ்தின் மகள் ஒடெத் அதே வீட்டில்தான் இருக்கிறார், தொண்ணூறு வயது, தொலைபேசியில் கதைக்கப் பிடிக்காது, வந்தால் சந்தோஷப்படுவார் என்றார். ஒக்டோபரில் நான் வேலை செய்யும் பள்ளிக்கு ஒரு வார விடுமுறை. என் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? எண்பத்தாறு வயசு மனிசனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகப்போறீர். அந்தாளுக்கு வழியில ஒண்டு நடந்தா?"

"அந்தாளுக்கு இவ்வளவு காலமும் நடந்துகொண்டுதான் இருக்குதப்பா," என்றேன்.

அவர் எழுந்து அறைக்குள் போனார். என் பெட்டிக்குள் பீட்டருக்கென்று ஒரு தலையணையை அழுத்தி வைத்தார்.

முதல் நாள். சிறிய ரயில் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு மேடையும் ஒரு கடிகாரமும் இருந்தன. கடிகாரம் ஓடவில்லை. ஊருக்குப் போகும் பஸ் இரண்டே காலுக்கு என்று பலகையில் இருந்தது. இரண்டரை ஆனது, மூன்று ஆனது. அப்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்த சிறிய எழுத்துகளை வாசித்தேன். பஸ் வேண்டுமானால் முதல் நாளே தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் வராதாம்.

"நல்ல முறைதான்," என்றார் பீட்டர். "சட்டனில் சொன்னாலும் வராது."

மழை தூறத் தொடங்கியது. பின்னால் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த வாகனம் ஒன்று நின்றது. பெட்டிக்குள் ஒரு செந்நிறக் கன்று. ஓட்டிவந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒடெத் வீட்டுக்கு வந்த லண்டன்காரர்கள் நீங்கள்தானே?" என்றார். "அவர் காலையிலிருந்து நாலு தடவை றோட்டுக்கு வந்து பார்த்துவிட்டார். ஊருக்கே தெரியும். ஏறுங்கள்."

பீட்டர் முன்னால் ஏறினார். நான் பின்னால் ஒரு நாய்க்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில்.

"நீங்களும் இங்கிலாந்தா?" என்று கேட்டார் அவர்.

"இல்லை, யாழ்ப்பாணம். இந்தியாவுக்குக் கீழே."

"அங்கே மாடுகள் உண்டா?"

"உண்டு."

"என்ன நிறம்?"

வெள்ளை, கறுப்பு, கொஞ்சம் மெலிவு என்றேன். மனிதர் எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். உலகத்திலேயே நல்ல மாடு அந்தப் பகுதிச் செம்மாடுதான் என்று வீடு வரும்வரை விளக்கினார். நான் மொழிபெயர்த்ததைக் கேட்ட பீட்டர் தலையை ஆட்டி ஆமோதித்துக்கொண்டே வந்தார். வாழ்நாளில் ஒரு மாட்டையும் தொட்டிராத மனிதர்.

ஒடெத் வாசலில் நின்றார். என் தோள் உயரம். நீல ஏப்ரன், கம்பளிக் காலுறை, ஆண்கள் போடும் பெரிய சப்பாத்து. பீட்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். வைக்கோல் போருக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள். ஒருவருடைய சட்டைக் கை மடித்துக் குத்தப்பட்டிருந்தது. மற்றவர் அந்தப் பக்கமாகவே நின்றார், பிடித்துக்கொண்டு நிற்பது போல.

"அதே கைகள்," என்றார் ஒடெத். "அகலமான பெருவிரல்."

பீட்டர் தன் பெருவிரலைப் பார்த்தார். அப்பாவின் இளவயதுப் படத்தை அவர் கண்டதே அப்போதுதான்.

பீட்டருக்கு மாடியில் ஓர் அறை கொடுத்தார். "அது அரோல்டின் அறை," என்றார். பிரெஞ்சுக்காரருக்கு ஹ வராது. நான் கேட்டேன், அப்படியே வைத்திருந்தீர்களா என்று. "இல்லை, இல்லை. உருளைக்கிழங்கு வைத்திருந்தோம், பிறகு நான் படுத்தேன், பிறகு என் பிள்ளைகள் படுத்தார்கள். ஆனால் பெயர் அதுதான். அரோல்டின் அறையிலிருந்து சாக்கைக் கொண்டு வா என்போம்."

சாப்பாட்டுக்கு முட்டைக்கோவா சூப். தடித்த பாண் துண்டுகளைக் கோப்பையின் அடியில் போட்டு மேலே சூப்பை ஊற்றினார். நான் பன்றி இறைச்சித் துண்டுகளை மெதுவாக ஓரம் கட்டினேன். அவர் கண்டுவிட்டார். ஒன்றும் சொல்லாமல் அவற்றை எடுத்துத் தன் கோப்பைக்குள் போட்டுக்கொண்டார். சூப் முடியும் நேரம் ஒரு காரியம் செய்தார். அடியில் மிஞ்சிய சூப்புக்குள் சிவப்பு வைனை ஊற்றி, சுழற்றி, கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார்.

பீட்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பா இதைச் செய்வார்," என்றார். "வைன் இல்லை, தேநீர். சூப்பின் கடைசிக்குள் தேநீரை ஊற்றிக் குடிப்பார். அம்மா ஒவ்வொரு நாளும் ஏசுவார். அவருக்கு மூளை கொஞ்சம் பிசகு என்றுதான் நாங்கள் நினைத்தோம்."

நான் மொழிபெயர்த்ததும் ஒடெத் வைன் போத்தலை அவர் பக்கம் தள்ளினார். பீட்டர் ஊற்றினார், சுழற்றினார், குடித்தார். மூக்கு நுனியெல்லாம் சிவப்பு.

அதற்குப் பிறகுதான் ஒடெத் அந்தக் கேள்வியைக் கேட்டார். மேசையைத் துடைத்துக்கொண்டே, மிக அக்கறையாக.

"தெய்சிக்கு என்ன நடந்தது?"

எனக்கு விளங்கவில்லை. யார் தெய்சி என்றேன்.

"அரோல்டின் பசு. லண்டனில் வைத்திருந்தாரே. வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, இரண்டு அப்பிள் மரம், தெய்சி. எல்லாக் கடிதத்திலும் எழுதுவார். லண்டனில் குண்டு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் சின்னப் பிள்ளை. தெய்சிக்காக எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?"

நான் பீட்டரைப் பார்த்தேன். பிளேஸ்டோவில், மேல்மாடியில், இரண்டு அறைகளில் பிறந்து வளர்ந்த மனிதர். அந்தத் தெருவில் புல் என்று ஒன்று முளைத்திருந்தால் கல்லுக்கு நடுவில்தான் முளைத்திருக்கும். மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன கேட்கிறார்?" என்றார். சொன்னேன்.

பீட்டர் கோப்பையைத் தள்ளி வைத்தார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார்.

"சொல்லுங்கள்," என்றார் என்னிடம். "போர்க்காலத்தில் பிள்ளைகளை எல்லாம் லண்டனிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். என்னையும் அனுப்பினார்கள். தெய்சியையும் அனுப்பினோம். நல்ல இடம். கிழடாகித்தான் செத்தது."

நான் சொன்னேன். ஒடெத் நெஞ்சில் கையை வைத்து, "அப்பாடா," என்றார்.

இரண்டாம் நாள் காலையில் கீழே வந்தபோது தோசை மணத்தது. பிரமை என்று நினைத்தேன். இல்லை. ஒடெத் இரும்புச் சட்டியில் ஒரு கருநிற மாவை ஊற்றிக்கொண்டிருந்தார். பக்வீட் என்ற தானியத்தின் மா. முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்தாராம். ஓட்டை ஓட்டையாக எழும்பி வந்தது. அவர்கள் அதைப் பிளம்ஸ் ஜாமோடு சாப்பிடுகிறார்கள். நான் என் கைப்பையிலிருந்து மிளகாய்ச் சம்பல் போத்தலை எடுத்தேன். பயணம் என்றால் அது இல்லாமல் நான் வீட்டுப் படலை தாண்டுவதில்லை. ஒடெத் விரல் நுனியில் தொட்டு ருசி பார்த்துவிட்டு, யன்னலைத் திறந்து வெளியே வாயை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு வந்து இன்னொரு தரம் தொட்டார்.

மழை விட்டிருந்தது. மூன்று பேரும் காணியைச் சுற்றி நடந்தோம், இரண்டு கைத்தடிகளும் நானுமாக. கஷ்கொட்டைகள் முள் உறைக்குள்ளிருந்து வெடித்து வழியெல்லாம் கிடந்தன. ஒடெத் சப்பாத்துக் காலால் உறையை மிதித்துக் கொட்டையை எடுக்கும் விதத்தைக் காட்டினார். அந்தக் காலத்தில் குளிர்காலத்தில் காலையும் மாலையும் அதுதான் சாப்பாடாம், பாலில் போட்டு. "எல்லாரும் அழகான வாழ்க்கை என்கிறார்கள்," என்றார். "அழகுதான். ஆனால் மார்ச் மாதம் ஆகும்போது இன்னொரு கஷ்கொட்டையைக் கண்டால் எறிய வேண்டும் போல இருக்கும்."

வெறுமையாகக் கிடந்த ஒரு கல் தொழுவத்துக்கு முன்னால் பீட்டர் நின்றுவிட்டார்.

"இங்கேதான் மாடுகள் நின்றனவா?"

"ஓம்," என்றேன், ஒடெத்திடம் கேட்டு.

பீட்டர் கைத்தடியைச் சுவரில் சாத்தி வைத்தார். தொப்பியைக் கழற்றினார். நேற்றுச் சொன்னது பொய் என்று ஆரம்பித்தார். தெய்சி என்று ஒரு பசு இருந்ததே இல்லை. புல்வெளி இல்லை, அப்பிள் மரம் இல்லை. அப்பா இரவு பகலாக நிலக்கரித் தூசிக்குள் வேலை செய்தார். "உங்கள் அப்பாவை ஒரு கையோடு விட்டுவிட்டு வந்ததை அவர் சாகும்வரை மறக்கவில்லை. என்னாலும் முடியவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்க வந்தேன். ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். அவர் எப்படிப் பால் கறந்தார்?"

வரி வரியாக மொழிபெயர்த்தேன். எண்பத்தாறு வயது மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்ப்பது இலேசில்லை.

ஒடெத் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு தொழுவத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு.

"லண்டனில் மாடு இல்லை என்று அப்பாவுக்கு அப்போதே தெரியும். நான் அழுதபோது அவரே சொன்னார். மாடு வைத்திருக்கிறவன் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுத மாட்டான் என்றார்."

"அப்படியென்றால் நேற்று ஏன் கேட்டீர்கள்?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"இவர் அரோல்டின் மகன்தானா என்று பார்க்க. அவரைப் போலவே பொய் சொன்னார். நல்ல பொய். எனக்குத் திருப்தி."

பீட்டருக்குச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"பால் கறந்ததைக் கேட்டாரல்லவா?" ஒடெத் தொடர்ந்தார். "அப்பா கறக்கவே இல்லை. அரோல்ட் போன முதல் குளிர்காலத்திலேயே மாடுகளை எல்லாம் கொடுத்துவிட்டார். தபால்காரர் வேலை எடுத்தார். போரில் காயப்பட்டவர்களுக்கு அந்த மாதிரி வேலைகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். தோளில் பை, வாய் நிறையப் பேச்சு. வீட்டுக்கு வீடு போய்க் கதைப்பது, குடிக்க ஏதாவது கொடுத்தால் குடிப்பது. அவரைவிடச் சந்தோஷமான மனிதர் இந்தப் பக்கத்தில் இருக்கவில்லை. உங்கள் அப்பாவின் கடிதங்களையும் அவரே தபால் கந்தோரில் எடுத்து, அவரே சுமந்து, அவருக்கே கொண்டுவந்து கொடுப்பார். கதவைத் தட்டி, 'மிசியே ஒகுஸ்துக்கு லண்டனிலிருந்து' என்று கூப்பிடுவார். அம்மாவும் நானும் சிரிப்போம்."

"ஆனால் கடிதங்களில் மாடுகள் நலம் என்று—" என்றேன் நான்.

"அப்பாவுக்கு மாடு பிடிக்கவே பிடிக்காது," என்றார் ஒடெத். "மாடுகளை அவர் வைத்திருந்ததே அரோல்டுக்காக. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காலத்தில் அரோல்டின் கை நடுக்கம் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றால்தான் நிற்குமாம். முதல் சொல் பேசியதும் ரூஸெட்டோடுதான். அரோல்ட் லண்டனில் இருந்துகொண்டு, இங்கே மாடுகள் நிற்கின்றன, எப்போது போனாலும் நிற்கும் என்று நினைக்கட்டும் என்று அப்பா சொல்லுவார். அதற்காகத்தான் அப்படி எழுதினார்."

பீட்டர் தொழுவத்தின் கல் வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பன்னிரண்டு வருடமாக, மாடில்லாத ஒருவர் மாடில்லாத இன்னொருவருக்கு மாடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹரோல்ட் ஒகுஸ்தின் கைக்காக அங்கே இருந்தார், ஒகுஸ்த் ஹரோல்டின் நடுக்கத்துக்காக மாடு வளர்த்தார். இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

"அப்பா அவரை விட்டுவிட்டு வரவில்லை," என்றார் பீட்டர் கடைசியில், தனக்குத்தானே சொல்வது போல.

வீட்டுக்கு வந்ததும் ஒடெத் அலுமாரியில் படுக்கை விரிப்புகளுக்கு அடியிலிருந்து ஹரோல்டின் கடிதங்களை எடுத்தார். பிழை பிழையான பிரெஞ்சு. காதால் கேட்ட மொழியை எழுத்தில் போட்டிருந்தார். ஆனால் என்ன பேச்சு! பக்கத்து வீட்டுச் சண்டை, பனிமூட்டம், தொழிற்சாலைக் குதிரைக்கு வந்த கோபம், தெய்சியின் பிடிவாதங்கள். பத்துப் பக்கம், பன்னிரண்டு பக்கம். பீட்டர் என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: "இது அப்பாவா? அப்பா இவ்வளவு பேசுவாரா?"

பேசுவார். பிரெஞ்சில்.

அடியில் இருந்த ஒன்றை ஒடெத் தனியாக எடுத்துத் தந்தார். போருக்குச் சற்று முன் வந்தது. நான் வாசித்தேன்:

"ஒகுஸ்த், எனக்கு மகன் பிறந்திருக்கிறான். இரண்டு கையும் இருக்கிறது. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறான். உன்னையும் என்னையும் சேர்த்து ஒரே ஆளாகச் செய்தது போல இருக்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்."

பீட்டர் அந்தக் கடிதத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு ஆங்கிலம் வேண்டாம், பிரெஞ்சிலேயே வாசியுங்கள் என்றார். ஒரு சொல்லும் விளங்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒடெத் எழுந்துபோய் ஒரு சட்டி கஷ்கொட்டையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டி, எங்கள் மூன்று பேருக்கும் ஒவ்வொரு கத்தி தந்தார். மத்தியானம் முழுவதும் உரித்தோம். நான் மொழிபெயர்ப்பதை இடையில் நிறுத்திவிட்டேன். அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஆங்கிலத்திலும் இவர் பிரெஞ்சிலுமாகக் கதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் கன்றுக்காரர் வந்து எங்களை நிலையத்துக்குக் கொண்டுபோனார். ஊரின் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம், ஆட்கள் வந்து வீடு வாங்கத் தொடங்கிவிடுவார்கள் என்று ஒடெத் எனக்குக் கட்டளையிட்டார். எழுதவில்லை. பீட்டரைக் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டார். பீட்டர் நாலாவதுக்கும் முகத்தைக் கொடுத்தார்.

ரயிலில் பீட்டர் கேட்டார்: "பரிசில் நமக்கு நாலு மணித்தியாலம் இருக்கிறதே. அங்கே உங்களுக்கு ஒருவரும் இல்லையா?"

"ஒருத்தி இருக்கிறாள்," என்றேன்.

மாலினியும் நானும் ஒரே வருடம் பரிசுக்கு வந்தவர்கள். ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம், ஒரே வீட்டில் இருந்தோம். நான் லண்டனுக்கு வந்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கதைப்போம். ஆறு வருடமாக நேரில் போகவில்லை. ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லுவேன். உண்மைக் காரணம் வேறு. லண்டனுக்கு வந்த புதிதில், பள்ளிக்கூடத்தில் ஒபிஸ் வேலை, மூன்று அறை வீடு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அதை எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். நேரில் போனால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

பீட்டர் என் தொலைபேசியை ஒருமுறை பார்த்தார். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தொலைபேசியை எடுத்தேன்.

"மாலினி, நான் பரிசுக்கு வாறன். ஒரு மணித்தியாலத்தில நிப்பன்."

"எந்த ஸ்டேசன்? அசையாம நில். நான் வாறன்."

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவளுடைய தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு பெரிய கண்ணாடி, துணி மலை. பீட்டரை ஒரு கதிரையில் இருத்தி, மடியில் துவாய் விரித்து, இடியப்பமும் சொதியும் கொடுத்தாள். எனக்கும் போட்டாள். நான் சாப்பிடவில்லை.

"என்னடி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"மாலினி, நான் ஒபிஸில வேலை செய்யேல்ல. பள்ளிக்கூடக் குசினியில பிள்ளையளுக்குச் சாப்பாடு போடுறன்."

"எப்ப இருந்து?"

"லண்டனுக்குப் போன நாள் தொடக்கம்."

அவள் கையிலிருந்த சட்டையில் ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"வீடும் மூண்டு அறை இல்லை. ரெண்டுதான். ஒண்டில நாங்கள், மற்றதில மகள்."

"இதுக்கே ஆறு வருஷம் வராமல் இருந்தனி?" என்றாள். சட்டையை மடியில் போட்டாள். "ஆசுப்பத்திரியில எனக்கு ஒப்பரேசன் செய்தவங்கள். போன வருஷம். உனக்குச் சொல்லேல்ல. ஒபிஸில லீவு எடுக்கக் கஷ்டப்படுவாய் எண்டு சொல்லேல்ல."

நான் எழுந்து அவள் பக்கம் போனேன். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். விரலில் தையலூசி குத்திய இடமெல்லாம் காய்த்துக் கிடந்தது. பீட்டர் இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றுவதை நிறுத்திவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாலினி மூக்கைத் துடைத்தாள். சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள்.

"டிசம்பரில நத்தாருக்குக் கடை பூட்டு. நான் வாறன்."

"எங்க படுப்பாய்?"

"குசினியில. பதினொரு வருஷம் ரெண்டு பேரும் எங்க படுத்தனாங்கள்?"

உண்மைதான். அந்த வீட்டில் அறைகளில் மற்றவர்கள் படுத்தார்கள். நானும் மாலினியும் குசினி நிலத்தில், அடுப்பின் பக்கம் தலையும் சிங்கின் கீழே காலுமாகப் படுத்தோம். மார்கழிக் குளிரில் அந்த வீட்டிலேயே சூடான இடம் அதுதான்.